கரண்டு டார்ச்சுக்கு ஒரு ரசீது

1

நான் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்குப் போன வாரம் ஒரு பெண் போலீஸ் அதிகாரி வந்தார். இங்கிலாந்தில் குளிர்காலம் வந்துவிட்டால் நாலு மணிக்கே தெருவிளக்கு எரியத் தொடங்கிவிடும். வேலை முடிந்து நடந்து போகும் பெண்களுக்கு ஆளுக்கொரு அலாரம் கொடுக்க வந்திருந்தார். சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஊசியை இழுத்தால் அலறும். வேறெதுவும் செய்யாது.

அவர் பேசி முடித்து, கேள்வி ஏதாவது உண்டா என்றார். என்னோடு வேலை பார்ப்பவர்கள் கோட்டை மாட்டத் தொடங்கியிருந்தார்கள். பதில் தெரிந்திருந்தும் நான் மட்டும் கேட்டேன்.

"தொட்டால் மின்சாரம் பாயும் கருவி இருக்கிறதே, ஸ்டன் கன். அதை வைத்துக்கொள்ளலாமா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். கூடாது என்றார். இந்த நாட்டில் அது துப்பாக்கிச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்ட ஆயுதம். மிளகு ஸ்பிரேயும் அப்படித்தான். சாதாரண ஆட்களுக்கு உரிமம் என்ற பேச்சே கிடையாது. வைத்திருந்தாலே குற்றம், பயமாக இருந்தது என்பது காரணமாகாது. சொல்லிவிட்டு, "உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது இருக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவசரத்தில் ஆங்கிலம் எனக்கு எப்போதும் குறுகிவிடும். இந்தியா என்ற சொல்லை விட்டுவிட்டுப் பதில் சொன்னேன். "என் அண்ணன் மகளிடம் இருந்தது. அண்ணன் அதை போலீசில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்."

அவர் முகம் தெளிந்தது. "ரொம்பப் பொறுப்பான மனிதர்" என்றார்.

அந்தப் பொறுப்பான காரியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊரில் இதைப் படிப்பவர்களில் சிலர் வீட்டில் அதே கருவி அலமாரியிலோ வண்டிப் பெட்டியிலோ கிடக்கும். எங்கள் வீட்டில் நடந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

2

அண்ணன் பாண்டி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு சேத்தூரில். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நகைக்கடை வாசலில் சொந்த இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பட்டாளத்திலிருந்து வருகிறவர் முதலில் வீட்டுக்கு மாடி எடுப்பார், அடுத்து துப்பாக்கி உரிமத்துக்கு மனுப் போடுவார். சொந்தத் துப்பாக்கி உள்ளவரைத்தான் காவலுக்குக் கூப்பிடுவார்கள்.

தேர்தல் அறிவித்தவுடன் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்பத் தருவார்கள். மற்றவர்கள் போலீஸ் இரண்டு முறை ஆள் விட்டுக் கூப்பிட்ட பிறகு போவார்கள். அண்ணன் அறிவிப்பு வந்த மறுநாள் காலையிலேயே போய்விடுவார். முந்தின நாள் எண்ணெய் போட்டுத் துடைத்து, பட்டாளத்துக் கம்பளியில் சுற்றி, இரண்டு இடத்தில் கயிறு கட்டி வைப்பார்.

மதினி அதைப் பார்த்துச் சொல்வார். "பெத்த மகளப் புகுந்த வீட்டுக்கு அனுப்புத மாதிரில்ல அனுப்புதாக."

அதன் பிறகு தேர்தல் முடியும் வரை அண்ணன் கடை வாசலில் லத்தியோடு இருப்பார். "களவாணிப் பயலுகளுக்கும் இந்த ஒரு மாசம் நன்னடத்தை விதி உண்டா மிலிட்டரி?" என்று கடை முதலாளி ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்பாராம். அண்ணன் ஒவ்வொரு தேர்தலுக்கும் சிரிக்காமல், "உண்டுங்க" என்பாராம்.

ஒப்படைத்ததற்கு ஸ்டேஷனில் ஒரு ரசீது தருவார்கள். துப்பாக்கி இல்லாத நாட்களில் அந்த ரசீதை அண்ணன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிவார். யாரும் கேட்டதில்லை. இதை நான் கேலி செய்ய முடியாது. நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தான். இங்கே வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைப் பழுதுபார்த்த காகிதங்களை, நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டுடையதையும் சேர்த்து, இன்னும் தேதி வாரியாக வைத்திருக்கிறேன்.

3

அண்ணனுக்கு ஒரே மகள், கௌசல்யா. ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மாலை ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு மேல் ஸ்கூட்டரில் சேத்தூருக்குத் திரும்புவாள். ஊர் எல்லையைத் தாண்டி மில்லுகளையும் கடந்துவிட்டால் தென்னந்தோப்புகள்தான். பெரிய ரோடு, லாரிகள் போகும், ஆனால் நிற்காது.

அந்த இடத்தில் ஒரு பைக் அவள் பின்னால் வரத் தொடங்கியது. இரண்டு பேர். அவள் வேகம் எடுத்தால் அவர்களும் எடுப்பார்கள், குறைத்தால் குறைப்பார்கள். சில நாள் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, சத்தம் மட்டும் கேட்கும்படி வருவார்கள். ஊருக்குள் நுழைந்ததும் திரும்பிவிடுவார்கள்.

"என்ன செய்தாங்க?" என்று போனில் கேட்டேன்.

"ஒன்னும் செய்யல அத்தே. அதான் பிரச்சனையே. ஸ்டேஷன்லயும் இதத்தான் கேட்டாக. ஒன்னும் செய்யலன்னு சொன்னேன். வண்டி நம்பர் சொல்லு தாயின்னாக. நம்பர் பிளேட்டே இல்லன்னேன். செத்த நேரம் யோசிச்சுட்டு, ரெண்டு நாளைக்கு ரோந்து அனுப்புதோம்னாக."

சொன்னபடியே அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளும் பைக் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தது.

அண்ணன் சில நாள் மருத்துவமனை வாசலில் போய் நின்று கூட்டி வந்தார். நகைக்கடை அடைக்க நேரமாகிற நாட்களில் அது முடியவில்லை. பிறகுதான் அந்தக் கருவி. அண்ணனுக்கு இணையத்தில் வாங்கத் தெரியாது. கௌசல்யாவே தன் போனில் பதிவு செய்தாள். பில் அவள் பெயரில் வந்தது. பார்த்தால் டார்ச் லைட்டுதான், விளக்கும் எரியும். தலையில் இரண்டு உலோகப் பற்கள். பொத்தானை அமுக்கினால் நீலமாக ஒரு வெளிச்சமும் படபடவென்று சத்தமும் வரும். அட்டையில் ஆங்கிலத்தில் ஸ்டன் கன் என்று போட்டிருந்தது. விற்ற கடை, உரிமம் தேவையில்லை என்றும் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வீட்டில் எல்லோரும் அதைக் கரண்டு டார்ச் என்றார்கள்.

வீடியோவில் எனக்குக் காட்டினாள். "இங்க இத வச்சிருந்தா ஜெயில்தான்" என்றேன்.

"அப்பம் நான் வரும்போது இத இங்கனயே விட்டுட்டு வாரேன். அங்க எனக்கு எதுக்கு இது?"

அவள் வருவதாகத்தான் இருந்தது. நர்சுகளுக்கான ஆங்கிலத் தேர்வை மூன்றாம் முறையில் தேறியிருந்தாள். இங்கே எங்கள் ஊரில், நான் தினமும் பேருந்தில் கடந்து போகும் பெரிய மருத்துவமனையில், அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. என் மகள் நிவேதா வேறு நகரத்தில் தங்கிவிட்டதால் அவள் அறை சும்மா கிடந்தது. அலமாரியில் பாதியைக் காலி செய்து, ஜன்னலோரம் கட்டிலைத் திருப்பிப் போட்டேன். பாக்கி இருந்தது விசாவுக்கான போலீஸ் சான்றிதழ் மட்டும். இவர் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று உள்ளூர் ஸ்டேஷன் சொல்ல வேண்டும். அதற்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் நாள் வாங்கியிருந்தாள்.

அந்த நாளுக்கு முன்னால் தேர்தல் அறிவிப்பு வந்தது.

4

அடுத்து எழுதுவது நான் பார்த்ததல்ல. அண்ணன் சொன்னதையும், அன்று கூடப் போயிருந்த மதினி சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் மதினி சொன்னதை எடுத்துக்கொண்டேன்.

காலையில் அண்ணன் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பிளக்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த கருவி கண்ணில் பட்டிருக்கிறது. அட்டைப்பெட்டியை எடுத்துப் படித்திருக்கிறார்.

"இதுவும் கன்னுன்னுதானே போட்டிருக்கு?"

"அது டார்ச்சுங்க. ஒங்க துப்பாக்கியோட அதையும் ஏன் சேக்கீக?"

"ரோடு பூராவும் பறக்கும் படை வண்டியச் சோதன போடுதான். புள்ள வண்டியில இதப் பார்த்தாம்னா நிப்பாட்டி வச்சிருவான். வெளிநாடு போற நேரத்துல எதுக்கு? தேர்தல் முடியுத வரைக்கும் ஸ்டேஷன்ல இருக்கட்டும்."

கௌசல்யா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் கேட்கவில்லை. அவளுக்கு நல்லது செய்கிறோம் என்பதில் அண்ணனுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. யாரும் சட்டத்துக்குப் பயந்து ஒளிக்கக்கூடிய பொருளை, சட்டத்துக்குப் பயந்து நேரே ஸ்டேஷனுக்கு எடுத்துப் போக, தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கி ஒப்படைத்துப் பழகிய வீட்டால்தான் முடியும்.

ஸ்டேஷனில் ஏட்டு பழக்கமானவர். துப்பாக்கியை வாங்கிப் பதிந்து ரசீது எழுதினார். பிறகு அண்ணன் பையிலிருந்து இதை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது என்ன அண்ணாச்சி, மைக்கா? பிரச்சாரத்துக்கா கிளம்பிட்டீக?"

"ஸ்டன் கன்னு. மகளுக்கு வாங்கினது. இதையும் வச்சிருங்க."

ஏட்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராஜபாளையத்துப் பக்கத்துல இருந்துக்கிட்டு ஒரு நாய் வாங்கிக் குடுக்காம டார்ச்சு வாங்கிக் குடுத்திருக்கீரு. லைசென்சு இருக்கா இதுக்கு?"

"வேண்டாமுன்னு கடைக்காரன் போட்டிருக்கான்."

"அப்பம் எனக்கும் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு போங்க. நான் பார்க்கல."

"பார்த்துட்டீரே."

"அண்ணாச்சி, ஒங்க மேல உள்ள மரியாதையில சொல்லுதேன். பையில போடுங்க."

மதினி அண்ணனின் முழங்கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். "அவிய இம்புட்டுச் சொல்லுதாகள்ல. வாங்க, போவோம்."

அண்ணன் நகரவில்லை. "ரெண்டு பொருள் குடுக்கேன். ரெண்டு ரசீது குடுங்க. நாளைக்கு இது எங்கன இருந்துச்சுன்னு ஒருத்தன் கேட்டா நான் எதக் காட்ட?"

அந்த நேரம் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். தேர்தலுக்காக வேறு மாவட்டத்திலிருந்து மாற்றி வந்தவர். அவரோடு பறக்கும் படையின் அதிகாரி ஒருவரும் இருந்தார்.

"என்ன அங்க சத்தம்?"

"சத்தமில்ல சார். ரசீது கேக்காக" என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் கருவியை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். நீல வெளிச்சமும் சத்தமும் வந்தன. பறக்கும் படை அதிகாரி எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்காததாக ஆக்க முடியாது.

"யாரோடது?"

"எம் மகளோடது சார்" என்று சொல்லி, அண்ணன் பில்லையும் எடுத்துக் கொடுத்தார். தேவைப்படும் என்று அட்டைப்பெட்டிக்குள் இருந்ததை எடுத்துக் கையோடு கொண்டு போயிருந்தார்.

"அந்த ஏட்டு நெத்தியில கைய வச்சுக்கிட்டாரு வசந்தா" என்றார் மதினி என்னிடம். "ஒங்க அண்ணன் என்ன செஞ்சாகன்னு எனக்கு வெளங்குததுக்கு முன்ன அந்த மனுசனுக்கு வெளங்கிருச்சு."

ரசீது கிடைத்தது. கைப்பற்றிய பொருளுக்கான மகஜரின் நகல் அது. கௌசல்யாவைக் கைது செய்யவில்லை. எழுப்பி வரச் சொல்லி, உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்ததாக வழக்குப் பதிந்து, கூப்பிடும்போது வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்து அனுப்பினார்கள்.

5

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு நானே தேடிப் படித்தேன். நம் நாட்டு ஆயுத விதிகளில், மின்சாரம் பாய்ச்சி ஆளைச் செயலிழக்கச் செய்யும் கருவிக்கும் உரிமம் வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பற்றி, அதைத் தட்டுமுட்டுச் சாமான் போல விற்கும் கடைகளுக்குக் கவலையில்லை. நேற்றும் பார்த்தேன், அதே கருவி அதே கடையில் இருக்கிறது. கீழே பெண்களும் தகப்பன்களும் நட்சத்திரம் கொடுத்து எழுதியிருக்கிறார்கள். தங்கைக்கு வாங்கினேன், நன்றாக இருக்கிறது. டெலிவரி சீக்கிரம் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீலிடம் நானே போனில் பேசினேன். பொறுமையானவர்.

"மேடம், அந்தச் சாமான் ஆயுதம்தானான்னு முதல்ல லேப்காரன் சொல்லணும். எம்புட்டு கரண்டு வருது, ஆள விழுத்தாட்டுமான்னு பார்ப்பாக. விழுத்தாட்டும்னா கேஸ் நிக்கும். பொறவு கலெக்டர் அனுமதி வாங்கணும், பொறவு கோர்ட்டு. விழுத்தாட்டாதுன்னு ரிப்போர்ட் வந்துச்சுன்னா, மதுரை ஐகோர்ட்டுல மனுப் போட்டு கேஸ உடைச்சிரலாம்."

"ரிப்போர்ட் எப்ப வரும்?"

"கொலை கேசு ரிப்போர்ட்டே அங்கன வரிசையில நிக்கு மேடம்."

இதை கௌசல்யாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அது ஆள விழுத்தாட்டாது அத்தே. ஒரு நா எங் கையிலயே வச்சுப் பார்த்தேன். கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்பாகிட்ட சொல்லல, ஆசையா வாங்கிக் குடுத்தாகளேன்னு. சத்தத்துக்குப் பயந்து ஓடுவானுகன்னு நினைச்சு வச்சிருந்தேன்."

ஆக, அது வேலை செய்யும் கருவி என்றால் அவள் குற்றவாளி. வேலை செய்யாத கருவி என்றால் அவள் நிரபராதி. அவளைக் காப்பாற்றும் என்று வாங்கிய பொருள், யாரையும் காப்பாற்ற லாயக்கில்லாதது என்று ஒரு அரசாங்க ஆய்வகம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம். நான் ஆயுதம் வேண்டும் என்று வாதாட வரவில்லை. இங்கே எல்லோருக்கும் தடை, அதில் ஒரு தெளிவு இருக்கிறது. அங்கே விற்பதற்குத் தடையில்லை, வாங்குவதற்குத் தடையில்லை. வெளியே எடுத்துக் காட்டினால்தான் குற்றமாகிறது. ஒளித்து வைத்திருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள்.

அண்ணனிடம் ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஒன்னோடதுன்னு சொல்லியிருக்கலாமே அண்ணே."

பின்னால் நகைக்கடையின் ஷட்டரை இறக்கும் சத்தம் வந்தது.

"என்னோடதுன்னா என் லைசென்சு போகும் ஏட்டி. லைசென்சு போனா இந்த வேல போகும். ஆனா அத நான் அப்பம் நினைக்கல. சார் கேட்டாரு, உள்ளதச் சொன்னேன். லைசென்ச நினைச்சுச் சொல்லலன்னு அவகிட்ட நீ சொல்லு."

"நீயே சொல்லேன்."

"சொன்னேன். தலைய ஆட்டுனா. நம்புதாளான்னு தெரியல."

கௌசல்யாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "அப்பா பொய் சொல்லல அத்தே. எனக்காகக்கூடச் சொல்லல. அம்புட்டுத்தான்" என்றாள்.

6

கௌசல்யா மதுரைக்குப் போனாள். போலீஸ் சான்றிதழ் கிடைக்கவில்லை. வழக்கு நிலுவையில் உள்ளது என்று பதில் வந்தது. இங்குள்ள மருத்துவமனைக்கு நான் நேரில் போய் விளக்கினேன். அங்கே வேலைக்கு ஆளெடுக்கும் பிரிவில் இருந்த பெண் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார், இடையில் நிமிர்ந்து, "ஆயுத வழக்கா?" என்றார். அது டார்ச் மாதிரி என்று சொல்லத் தொடங்கினேன். டார்ச் மாதிரி வேஷம் போட்ட ஸ்டன் கன்னுக்கு இந்த நாட்டில் தண்டனை இன்னும் கடுமை என்பது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டேன். சில மாதம் காத்திருந்தார்கள். பிறகு, வருந்துகிறோம் என்று தொடங்கும் கடிதம் வந்தது. மரியாதையாக எழுதியிருந்தார்கள். நிலைமை மாறினால் மறுபடி விண்ணப்பிக்கலாமாம். மறுபடி என்றால் ஆங்கிலத் தேர்விலிருந்து.

நிவேதாவிடம் சொன்னேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுகிறாள். நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

"ஆனால் அது ஆயுதம்தானே, அம்மா? அவளிடம் ஏன் ஆயுதம் இருந்தது?"

"பின்னால் இரண்டு பேர் வந்தார்கள்."

"அப்படியென்றால் அவள் பஸ்ஸில் போயிருக்கலாமே."

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும் தூரமும் இருட்டுதான் என்றேன். அங்கே விளக்குப் போடச் சொல்லி யாரும் மனுக் கொடுக்கவில்லையா என்று கேட்டாள். அவள் கேட்டதில் எதுவும் தப்பில்லை. இந்த ஊரில் வளர்ந்த பெண் இப்படித்தான் கேட்பாள். கௌசல்யாவின் தோளில் தொங்கிக்கொண்டு ஒரு கோடை விடுமுறை முழுக்கத் திரிந்தவள் இவள். இப்போது அவளைப் பற்றி, செய்தியில் படித்த ஆளைப் பற்றிப் பேசுவது போல நியாயமாகப் பேசுகிறாள். நான் பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்றேன்.

ஓட்டு எண்ணி முடிந்ததும் ஸ்டேஷனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டார்கள். துப்பாக்கியை வாங்கி வந்து கூடத்தில் கம்பளியைப் பிரித்தார். மதினி அடுப்படியிலிருந்தே சொல்லியிருக்கிறார். "ஒங்க மூத்த மக வந்துட்டா. பத்திரமா வச்சுக்கோங்க. இளையவ எங்கனயும் போகல, இங்கனதான் கெடக்கப்போறா."

அண்ணன் அன்று எண்ணெய் போடவில்லையாம்.

மிளகு ஸ்பிரே ஒன்று வாங்கிக் கொடுக்கலாம், நம் நாட்டில் அதற்குத் தடையில்லை என்று நான் சொன்னேன். வக்கீல், வழக்கு முடியும் வரை கைப்பையில் எதுவும் வேண்டாம் என்றார். அண்ணன், ஸ்பிரே வைத்துக்கொள்ளலாமா என்று ஸ்டேஷனுக்கே எழுத்தில் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. பதில் வராமல் வாங்க மாட்டார். மருத்துவமனையில் கௌசல்யாவோடு வேலை பார்க்கும் பெண்கள் முன்பு அவளிடம் பார்த்துவிட்டு அதே கருவியை வாங்கியிருந்தார்கள். அவர்கள் இன்றும் பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார்கள். வெறும் கையோடு போகிறவள் இவள் ஒருத்திதான்.

கரண்டு டார்ச் வழக்கு ஊருக்குள் வேடிக்கையாகிவிட்டது. டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களில் அந்த இரண்டு பேரும் இருக்கலாம். அவர்கள் யார் என்றுதான் யாருக்கும் தெரியாதே. நடுவில் நின்றிருந்த பைக் சில நாளாக மறுபடி வருகிறது. முன்பு தூரத்தில் வந்தது, இப்போது பக்கத்தில் வருகிறது. அவளிடம் ஒன்றும் இல்லை என்பது தெரிந்திருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல் என்றேன். "எந்த ஸ்டேஷனுக்கு அத்தே? கையெழுத்துப் போடப் போற ஸ்டேஷனுக்கா?" என்றாள்.

7

இப்போது ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது என்னைக் கூப்பிடுகிறாள். எனக்கு மதியம் மூன்று மணி, தேநீர் இடைவேளை. ஹெல்மெட்டுக்குள் இயர்போனை மாட்டிக்கொள்கிறாள். பேசுவதில்லை, பேசிக்கொண்டு ஓட்டக் கூடாது என்று நானே சொல்லியிருக்கிறேன். காற்றின் சத்தம் வரும். லாரி ஹாரன் வரும். மில்லைத் தாண்டுவது எனக்கு இப்போது சத்தத்திலேயே தெரிகிறது. அதற்குப் பிறகு காற்று மட்டும். நான் எங்கள் பல் மருத்துவமனையின் பின்கதவுக்கு வெளியே, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஏதாவது நடந்தால் நான் என்ன செய்ய முடியும் என்று ஒரு நாள் விசாரித்தேன். இங்கிருந்து நம் ஊர் அவசர எண்ணை அழுத்தினால் போகாது. இங்குள்ள எண்ணை அழுத்தினால் இங்குள்ளவர்கள் எடுப்பார்கள், சேத்தூர் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். ஸ்டேஷன் எண் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் காவலில் இருந்தால், கடை அடைக்கும் வரை போன் முதலாளியின் பெட்டிக்குள் இருக்கும். மதினிக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

நேற்று தென்னந்தோப்பு வந்த இடத்தில், காற்றுச் சத்தத்தோடு இன்னொரு வண்டியின் சத்தமும் கேட்டது. பக்கத்திலேயே கேட்டது. ஒரு ஆண் குரல் ஏதோ சொன்னது, புரியவில்லை. இன்னொருவன் சிரித்தான். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஸ்கூட்டர் வேகம் எடுப்பது மட்டும் கேட்டது. வெகு நேரம் கழித்து வண்டி நின்றது. வீட்டுக் கம்பிக்கதவு திறந்தது.

"வந்துட்டேன் அத்தே."

"கௌசி, இப்படி நான் கேட்டுக்கிட்டு நிக்குததுல என்ன பிரயோசனம்? நான் இங்க இருக்கேன்னு அவனுகளுக்குத் தெரியவா போகுது? நான் சத்தம் போட்டாலும் ஒனக்கு மட்டுந்தான கேக்கும்?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். குரல் தெளிவாக வந்தது. வீட்டில் யாருக்கும் கேட்காதபடி தணிந்து பேசினாள்.

"பிரயோசனம் ஒன்னுமில்ல அத்தே. ஒரு நா எதாச்சும் நடந்துச்சுன்னா, எந்த எடத்துல நடந்துச்சுன்னு சொல்லுததுக்கு ஒரு ஆளு வேணும்ல. அதுக்குத்தான்."

நாளைக்கும் மாலை ஷிப்டுதான் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.